வளவு நிலையில் ஒரு வருஷம்: எங்கள் வீடு 1913ஆ, 1853ஆ?

மூன்றாம்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. முன் தெருவில் முகப்பு, பின் தெருவில் கொல்லைக் கதவு, நடுவில் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரே நீளம். பங்கு பதினொரு புள்ளிக்கு, அதாவது பதினொரு குடும்பத்துக்கு. குடியிருப்பவர் யாருமில்லை. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக் கூடுவோம், இலை போட்டுச் சாப்பிடுவோம், பூட்டிவிட்டுக் கிளம்புவோம்.

போன ஐப்பசி மழையில் வளவின் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) வடகிழக்கு மூலை ஒழுகி, சுவரில் ஆள் உயரத்துக்குப் பூச்சு பெயர்ந்துவிட்டது. உள்ளே தெரிந்த செங்கல்லை அளந்தேன். கனம் ஒன்றரை அங்குலம்தான். ஒரு கல்லில் மூன்று விரல் தடம் அப்படியே இருக்கிறது, ஈரமாக இருக்கும்போது யாரோ தூக்கியதில் பதிந்தது. ஆனால் முகப்பில் திண்ணைக்கு மேலே பெயர்ந்த இடத்தில் கல் மூன்று அங்குலம். ஒரே வீட்டில் எப்படி இரண்டு செங்கல்?

இன்னொன்று. வளவு வாசல் நிலையின் மேல்கட்டையில் எழுத்து வெட்டியிருக்கிறது. நாலைந்து கோட்டு பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில். சுரண்டியதில் ‘பிரமாதீச ௵ வைகாசி ௴ ௮’ என்பது வரை படிக்க முடிந்தது (௵ வருஷம், ௴ மாதம், ௮ எட்டு). அப்பா எப்போதும் ‘1913ல் பாட்டையா பர்மா காசில் கட்டியது’ என்பார். பிரமாதீச வருஷம் 1913தான், பார்த்துவிட்டேன். ஆக வயது தெரிந்துபோச்சு.

என் கேள்வி பூச்சைப் பற்றி. கொத்தனார் ‘சிமென்ட் வைத்துப் பூசிவிடலாம், ரெண்டு நாள் வேலை’ என்கிறார். செய்யலாமா?

கொத்தனார் மகன் எழுதியது:

செய்யாதீர்கள். இதை நாலு வரியில் முடிக்க முடியாது, ராத்திரி வந்து எழுதுகிறேன். அதுவரை அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

பழைய பஞ்சாங்கம் எழுதியது:

வயது தெரிந்துபோச்சு என்று அவசரப்படாதீர்கள் தம்பி. பிரமாதீச அறுபது வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். 1973லும் வந்தது, 1913லும் வந்தது, 1853லும் வந்தது. 1973ஐ விட்டுவிடலாம். மற்ற இரண்டில் எது?

‘௮’க்குப் பிறகு கிழமை எழுதியிருப்பார்கள், அநேகமாக எல்லோரும் எழுதுவார்கள். அதைப் படித்துச் சொல்லுங்கள், வருஷத்தை நான் சொல்கிறேன். உளி வைக்காதீர்கள். பெயின்ட் ரிமூவரைத் துணியில் நனைத்து ஒற்றி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மெல்ல எடுங்கள்.

கூடல்வாய் எழுதியது:

நான் கட்டட இன்ஜினியர், பழைய வீடுகளில் கொஞ்சம் கைபட்டவன். கிழமை வரும்வரை வேறு சில சாட்சிகளை விசாரிக்கலாம்.

முகப்பில் மேல்தளம் எப்படி இருக்கிறது? தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, மேலே சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்த மெட்ராஸ் டெரஸா? அதைத் தாங்குவது மர உத்திரமா, இரும்பா? இரும்பு என்றால் பக்கவாட்டில் ஆங்கில எழுத்து புடைத்திருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்து அடுப்படிக் கூரை. நாட்டு ஓடா, சீமை ஓடா? சீமை ஓடு என்றால் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் கம்பெனி முத்திரை இருக்கும்.

மூன்றாம்கட்டு எழுதியது:

நேற்று ஊருக்குப் போய்வந்தேன். முகப்பில் மெட்ராஸ் டெரஸ்தான், கீழே இரும்பு. எழுத்து ‘டார்மன் லாங், மிடில்ஸ்பரோ’. அடுப்படியில் சீமை ஓடு, முத்திரை பாசல் மிஷன், மங்களூர். வளவைச் சுற்றி நாட்டு ஓடு. வளவில் இரும்பே கிடையாது, எல்லாம் மரம். தூண்கள் குட்டையாக, தடியாக இருக்கின்றன. தேக்கு என்று நினைத்திருந்தோம். கூட வந்த ஆசாரி ஒரு சிராய் எடுத்துப் பார்த்துவிட்டு வேங்கை என்கிறார்.

பெயின்ட் பாதி வந்திருக்கிறது. கிழமை இன்னும் தெரியவில்லை.

கூடல்வாய் எழுதியது:

அப்படியானால் முகப்பு 1853 கிடையாது. டார்மன் லாங் கம்பெனி தொடங்கியதே 1870களில்தான். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு ஓட்டுச் சூளை போட்டது 1865ல். முதல் உலகப் போரில் அது எதிரி நாட்டார் சொத்து என்று கைமாறி, பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் ஆனது. மிஷன் பெயரே முத்திரையில் இருந்தால் போருக்கு முந்திய ஓடு என்று தாராளமாகச் சொல்லலாம். ஆக முகப்பும் அடுப்படியும் ஏறக்குறைய 1880 முதல் 1914 வரை. கானாடுகாத்தான் அரண்மனை முடிந்தது 1912ல். இந்தப் பக்கத்தில் பெரிய வீடுகள் போட்டி போட்டுக்கொண்டு எழும்பிய காலம் அது.

ஆனால் இரும்பில்லாத, வேங்கைத் தூண் வைத்த, ஒன்றரை அங்குலக் கல் வைத்த வளவு அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. வளவு முன்னது, முகப்பு பின்னால் ஒட்டியது என்று எனக்குப் படுகிறது. முகப்புச் சுவரும் வளவுச் சுவரும் சந்திக்கும் இடத்தில் செங்கல் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கிறதா, இல்லை நேர்கோடாக ஒரு பிளவு ஓடுகிறதா பாருங்கள். ஒரே நேரத்தில் எழுப்பிய சுவர் கோத்திருக்கும்.

ஊருணிக்கரை எழுதியது:

தம்பிகளா, நானும் இப்படி ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள்தான். இப்போது வயது 74. செங்கல் கனம், உத்திரம் எல்லாம் சரி. வீடு எதற்காக அப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் பேசவில்லையே.

வளவைச் சுற்றி இருக்கிற அறைகளை நாங்கள் ‘இரட்டை வீடு’ என்போம். உள் அறை ஒன்று, வெளி அறை ஒன்று. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. சீர் சாமான், வெள்ளிப் பாத்திரம், பெட்டகம் எல்லாம் உள்ளே. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் ‘வேறு வைத்து’விடுவார்கள். ஒரே கூரைதான், ஆனால் அடுப்பு தனி, அரிசி தனி, கணக்கு தனி. மாமியார் அடுப்பில் குழம்பு கொதித்தாலும் என் அடுப்பில் நான் தனியாகப் புளி கரைக்க வேண்டும். அதனால் அறையை எண்ணினால் கட்டினவர் எத்தனை மகன்களை மனதில் வைத்துக் கட்டினார் என்று தெரியும். உங்கள் வளவில் எத்தனை இரட்டை வீடு?

இப்போது வந்து படம் எடுக்கிறவர்கள் முகப்பு, பட்டாலை (முகப்புக்கு அடுத்த கூடம்), வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறது, காற்று என்னமாய் வருகிறது என்கிறார்கள். வரும். அதே நேர்கோட்டில் பின்கட்டுக் கிணற்றிலிருந்து முன்னால் வரை குடம் சுமந்தவளுக்குத்தான் தெரியும் அந்த நீளம்.

மூன்றாம்கட்டு எழுதியது:

ஆச்சி, எண்ணிப் பார்த்தேன். எட்டு. ஆனால் தெற்குப் பக்கத்து நாலும் வடக்குப் பக்கத்து நாலும் ஒரே மாதிரி இல்லை. வடக்கே நிலை உயரம் குறைவு, நான் குனிந்துதான் போக வேண்டும். தெற்கே நிமிர்ந்து போகலாம்.

கூடல்வாய் சார், நீங்கள் சொன்ன பிளவு இருக்கிறது. பட்டாலை மூலையில் தரையிலிருந்து மேல்வரை நூல் பிடித்த மாதிரி. நாங்கள் இதுநாள் வரை விரிசல் என்று நினைத்து வருஷா வருஷம் அடைத்துக்கொண்டிருந்தோம்!

கொத்தனார் மகன் எழுதியது:

சொன்னபடி வந்துவிட்டேன், இரண்டு நாள் தாமதம்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டால் காற்று பிரிந்து சுட்ட சுண்ணாம்பு ஆகும். தண்ணீர் ஊற்றித் தாளித்தால் நீற்றுச் சுண்ணாம்பு. அதை மணலோடு அரைத்துச் சுவரில் ஏற்றியதும், காற்றில் இருக்கிற கரியமில வாயுவை மெதுவாக உள்ளே இழுத்துத் திரும்பக் கல்லாகும். மெதுவாக என்றால் மாதக் கணக்கு, கனமான சுவரில் வருஷக் கணக்கு. அப்படி ஆன பிறகும் அதில் கண்ணுக்குத் தெரியாத துவாரம் உண்டு. தரையிலிருந்து செங்கல் உறிஞ்சுகிற ஈரம் அந்த வழியாகத்தான் வெளியே போகிறது.

அதன் மேல் சிமென்ட் அப்பினால் என்ன ஆகும்? ஈரம் போக வழியில்லாமல் மேலே மேலே ஏறும். தண்ணீரோடு வந்த உப்பு சிமென்ட்டுக்குப் பின்னால் படிகமாகும். படிகம் பெருக்கும்போது செங்கல்லின் முகத்தையே உரித்துக்கொண்டு விழும். நாட்டுச் சூளைக் கல் இன்றைய சேம்பர் கல் போல வெந்ததில்லை, மெத்து. ஒரு வீட்டில் சிமென்ட் பூச்சைத் தட்டினேன். பலகை மாதிரி முழுசாகக் கழன்று வந்தது, பின்னால் அரை அங்குலத்துக்குச் செங்கல் மாவு ஒட்டியிருந்தது. சுவரில் கை வைத்தால் சிவப்பாக ஒட்டிக்கொண்டது.

அப்பா செய்த முறை இது. தாளித்த சுண்ணாம்பைச் சலித்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். கடுக்காயை உடைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெல்லம் அல்லது கருப்பட்டி கரைத்து, புளிக்க விட்டு, அந்தத் தண்ணீரில்தான் அரைப்பார். அந்தக் காலத்தில் வட்டத் தொட்டியில் மாடு கட்டி அரைத்தார்கள், நாங்கள் கிரைண்டரில் அரைத்தோம். கீழ்ப் பூச்சு முரடாக, மேலே போகப் போக நைஸாக. கடைசிப் பூச்சுக்கு மட்டும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். அதைக் கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்கப் பளிங்கு மாதிரி வரும். உங்கள் வளவுத் தூணுக்குப் பின்னால், பெயின்ட் படாத இடத்தில் கன்னத்தை வைத்துப் பாருங்கள், சித்திரையிலும் சில்லென்று இருக்கும்.

ரெண்டு நாளில் முடியாது. ஒவ்வொரு பூச்சும் காய விட வேண்டும், அதுவும் வெயில் படாமல்.

கூடல்வாய் எழுதியது:

இதில் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். பூச்சுக்கு முன்னால் கூரை. வளவில் நாலு சாய்வுக் கூரையும் உள்பக்கம் சரிந்து மூலையில் சந்திக்கும் பள்ளம் இருக்கிறதே, நான் பெயராக வைத்திருக்கிறேனே, அந்தக் கூடல்வாய்தான் பெரும்பாலும் குற்றவாளி. இரண்டு கூரைத் தண்ணீரும் அங்கேதான் ஓடும். தகரம் துருப்பிடித்திருந்தால் எத்தனை பூச்சு பூசினாலும் வீண். உங்களுக்கு ஒழுகியதும் மூலையில்தான். நாட்டு ஓட்டுக்கு ஆணி கிடையாது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு சும்மா படுத்திருக்கும். மயிலோ குரங்கோ ஒரு நடை நடந்தால் நகர்ந்துவிடும். ஆள் இருக்கிற வீட்டில் ஓட்டைப் பிரித்து மேய்வார்கள், ஆள் இல்லாத வீட்டில் ஓட்டைத் தாங்கும் கைமரம் உளுத்த பிறகுதான் தெரியும்.

லாரிஷெட் எழுதியது:

மனசுக்குள் இருப்பதைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் வீட்டையும் இப்படித்தான் நேசித்தோம். பங்காளி பத்தொன்பது பேர். 1989ல் தமிழ்நாட்டிலும் 2005ல் நாடு முழுக்கவும் பெண்களுக்குச் சமபங்கு என்று சட்டம் மாறியது. நியாயம்தான். ஆனால் கையெழுத்து வாங்க வேண்டிய பட்டியல் நீண்டது. கூரைக்குப் பணம் கேட்டால் நாலு பேர் தந்தோம். கடைசியில் மொத்தமாகப் பிரித்து விற்றோம்.

பிரிக்கும்போது நான் நின்று பார்த்தேன். முதலில் கதவு, அப்புறம் நிலை, அப்புறம் தூண். ஒவ்வொரு தூணிலும் சாக்பீஸால் நம்பர் போட்டு, சாக்குச் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். ஓட்டைக் கழற்றிய பிறகு வளவில் வெயில் முழுசாக விழுந்தது. மரமெல்லாம் போய் எஞ்சியது செங்கல்தான். அதைக் கேட்க ஆளில்லை, பள்ளம் நிரப்ப எடுத்துக்கொண்டு போனார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் போய்ப் பாருங்கள், எத்தனை வீடுகளின் கைகால் கிடக்கிறது என்று. 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் ஏறின. பட்டியல் ஓடு மாற்றித் தராது.

ஊருணிக்கரை எழுதியது:

லாரிஷெட் தம்பி, நான் கோபப்படவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பக்கம் அதே நிலைதான்.

பினாங்கு பேரன் எழுதியது:

‘பர்மா காசு’ என்று எல்லா வீட்டுக்கும் ஒரே கதை சொல்வது எனக்கு எப்போதும் உறுத்தும். 1852 போரில்தான் கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. நகரத்தார் (செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார்) அங்கே பெருமளவில் போனது அதற்குப் பிறகு. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்து அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை கிடைத்த பின்தான் உண்மையான பணம். ஆனால் கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம் ஆட்கள் அதற்கு முன்பே கிட்டங்கி (கடையும் கிடங்கும்) வைத்திருந்தார்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த காலம் ஒன்று உண்டு. வளவு 1853 என்றால் அது பர்மா காசாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு.

முடிவும் பர்மாவில்தான். 1930ல் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் நகரத்தார் கையில் 6 சதவீத நிலம், 1938ல் 25 சதவீதம். கணக்கில் பார்த்தால் செல்வம், கையில் காசில்லை. 1942ல் ஜப்பான்காரன் வந்தான். அதன் பிறகு புதிதாக மாளிகை எழுப்பியவர் எத்தனை பேர்?

கும்பகோணத்தான் எழுதியது:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் சுண்ணாம்பு சுண்ணாம்பு என்கிறீர்கள், தரைக்குப் போடும் ஆத்தங்குடிப் பூக்கல் சிமென்ட்தானே?

கொத்தனார் மகன் எழுதியது:

பிடித்தீர்கள்! ஆமாம், கண்ணாடித் தட்டில் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் கல் அது. சுடுவதே இல்லை. கண்ணாடியில் படிந்த முகம் என்பதால்தான் அந்த வழவழப்பு. சிமென்ட் எனக்குப் பகை இல்லை, அது இருக்க வேண்டிய இடம் தரை.

மூன்றாம்கட்டு எழுதியது:

கிழமை கிடைத்துவிட்டது! மூன்று ஞாயிற்றுக்கிழமை, அரை டஜன் பிரஷ். ‘பிரமாதீச ௵ வைகாசி ௴ ௮ வியாழ’. அதோடு கட்டை முடிகிறது.

பழைய பஞ்சாங்கம் எழுதியது:

உட்கார்ந்து படியுங்கள் தம்பி.

1913ல் சித்திரை 1 ஏப்ரல் 13, ஞாயிறு. வைகாசி 1 மே 14. வைகாசி 8 என்றால் மே 21, புதன்கிழமை.

1853ல் சித்திரை 1 ஏப்ரல் 11, திங்கள். வைகாசி 1 மே 12. வைகாசி 8 என்றால் மே 19, வியாழக்கிழமை. வளர்பிறையும்கூட.

உங்கள் வளவு நிலை வைத்த நாள் 1853 மே 19. ‘1913’ என்று உங்கள் அப்பா சொன்னதும் அந்த எழுத்தைப் பார்த்து யாரோ கணக்குப் போட்டதாக இருக்கலாம், ஒரு சுற்று தவறிவிட்டது.

கூடல்வாய் எழுதியது:

அருமை. நிலையை வேறு வீட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் மெல்லிய கல், வேங்கைத் தூண், இரும்பு இல்லாமை, குட்டை நிலை, அந்த நேர்ப்பிளவு எல்லாம் ஒரே பக்கம் பேசுகின்றன. என் கணிப்பு: வடக்குப் பக்கத்து நாலு இரட்டை வீடும் வளவும் 1853. பிள்ளைகள் பெருகிய பிறகு தெற்கு வரிசை. காசு பெருகிய பிறகு முகப்பும் அடுப்படியும். தெற்குச் சுவரிலும் ஒரு கல்லை அளந்துவிடுங்கள், அப்போது உறுதியாகச் சொல்லலாம்.

மூன்றாம்கட்டு எழுதியது:

கடைசியாக ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தெற்குச் சுவர்க் கல் இரண்டேகால் அங்குலம். நடுவில் நிற்கிறது. அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘பாட்டையாவோட ஐயாவுக்குக் கொழும்புல கடைன்னு எங்க அப்பத்தா சொல்லும், நான் நம்பல’ என்றார்.

கூடல்வாயில் தகரத்தைப் பிரித்தால் விரல் போகிற ஓட்டை. மாற்றியாகிவிட்டது, அந்தப் பக்கம் ஓடும் பிரித்து மேய்ந்தாயிற்று, ஒரு கைமரம் மட்டும் புதுசு. பூச்சுக்குக் கடுக்காய் ஊறிக்கொண்டிருக்கிறது. வீடு முழுக்கப் புளித்த வாடை. கொத்தனார் மகன் போனில் சொல்லச் சொல்ல, எங்கள் ஊர்க் கொத்தனார் முதலில் முகம் சுளித்தார். பிறகு தன் தாத்தா இப்படித்தான் அரைப்பார் என்று அவரே ஆரம்பித்துவிட்டார். விரல் தடம் பதிந்த கல்லை மட்டும் பூசாமல் விடச் சொல்லியிருக்கிறேன்.

பதினொரு புள்ளியில் ஏழு பேர் பணம் தந்துவிட்டார்கள். மீதி நாலு பேரில் ஒருவர் இந்த இழையைத் தினமும் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். சித்தப்பா, கணக்கு எண் வாட்ஸ்அப்பில் மறுபடி அனுப்பியிருக்கிறேன்.